சுடலைமாடன் கதை, பாகம் மூன்று, பி பக்கம்

கேசட் டெக்கின் மூடியைக் கழற்றினால் உள்ளே 'ஹெட்' என்று சொல்கிற பொடி உலோகக் கட்டை தெரியும். அதன் ஓரத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்கில் வில்லுப்பாட்டுக் கேசட் ஓடிக்கொண்டிருக்கட்டும். புலவர் குரல் கேட்கிறது, உடுக்கை கேட்கிறது, குடம் கும் கும் என்று அடிக்கிறது. வில்லில் கட்டிய மணிகளை மட்டும் காணோம். இப்போது அந்தத் திருகாணியை ஒரு மயிரிழை திருப்புங்கள். இன்னும் கொஞ்சம். சலங்! வந்துவிட்டன! ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, வீசுகோல் விழும் ஒவ்வொரு அடிக்கும் சலங் சலங் என்று துள்ளிக்கொண்டு வருகின்றன. முப்பது வருஷம் டேப்புக்குள் பேசாமல் கிடந்த மணிகள்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பதிவு செய்த மிஷினின் ஹெட் துளியூண்டு சாய்ந்திருந்தால், கேட்கும் மிஷினின் ஹெட்டும் அதே அளவு சாய வேண்டும். இல்லாவிட்டால் முதலில் காணாமல் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான். மனிதக் குரல் எப்படியோ தப்பித்துவிடும். மணி தப்பாது. ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகத் திருகாணியைச் சரிபார்க்க வேண்டும். சில நேரம் ஏ பக்கத்துக்கு ஒரு சாய்வு, பி பக்கத்துக்கு வேறு சாய்வு. டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சு விழுந்திருந்தால் கூட்டின் ஐந்து ஸ்குருவையும் கழற்றி, வேறு கூட்டுக்குள் டேப்பை மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் அதைத் துடைக்க வேண்டும். இத்தனையும் முடித்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ஆரம்பம். அதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், உட்கார்ந்து கேட்டுத்தான் தீர வேண்டும். எனக்கு இதைவிட இனிமையான கட்டாயம் தெரியாது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் எத்தனை சத்தம்! பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டம். நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் இசைக்கும் கல்தூண்கள். சேரன்மகாதேவி பக்கம் காருகுறிச்சி, அங்கிருந்து புறப்பட்ட அருணாசலத்தின் நாகஸ்வரம். பங்குனி தொடங்கி ஊர் ஊராகக் கோயில் கொடை. கொடை என்றால் வில்லு. சுடலைமாடன் கோயில் என்றால் கணியான் கூத்தும் உண்டு. அண்ணாவி பாட, இரண்டு மகுடங்கள் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் சுழன்று ஆடுவார்கள். தோல் தொய்ந்தால் சருகு கூட்டித் தீ மூட்டி மகுடத்தைக் காய்ச்சி எடுப்பார்கள். அந்த நெருப்பின் சடசடப்புகூடச் சில பதிவுகளில் விழுந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

வில்லுப்பாட்டு மேடையின் பின்புறமாக வந்து பாருங்கள், ஒலிப்பதிவு எவ்வளவு சிக்கல் என்று புரியும். நடுவில் நீண்ட வில், அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், குடத்துக்கு அடியில் வைக்கோல் பிரி. வலத்தே இருப்பவர் கதையை நடத்துவார். இடத்தே இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள், ஆமாம் போடுவார்கள். குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் காற்று மைக்கை நிரப்பிவிடும். அருகே வைத்தால் உறுமல், தள்ளி வைத்தால் ஜெனரேட்டர். மைக் செட் அண்ணாச்சிகள் இதற்கெல்லாம் பாடம் படித்தவர்கள் அல்லர். எந்த மைக்கைக் குடத்துக்குக் குனிய வைக்க வேண்டும், எதைப் புலவரின் நெஞ்சுக்கு நேரே நிறுத்த வேண்டும் என்று அவர்களின் கைக்குத் தெரியும். உலகத்து ஸ்டூடியோ எஞ்சினியர் எவருக்கும் அவர்கள் இளைத்தவர்கள் அல்லர் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்த சிக்கல் நேரம். கதையின் ஓட்டத்தைக் கோயில்தான் தீர்மானிக்கிறது. முதல் நாள் குடியழைப்பு, மறுநாள் கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. காப்பு, குரு வணக்கம், அவையடக்கம் எல்லாம் பாடி, தெய்வத்தின் பிறப்பைச் சொல்லி, நடு ராத்திரியில் சாவின் கட்டத்துக்குக் கதை வரும்போது சாமியாடி அருள் வந்து எழுவார். பூசை தாமதமானால் புலவர் கதையை நீட்டுவார். சாமி முந்திக்கொண்டால் சுருக்குவார். இந்தப் பாட்டை மூன்று நிமிஷத்தில் அடை என்றால் எப்படி?

1902-இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கிராமபோன் கம்பெனிக்காகப் பாடகர்களைப் பதிவு செய்தபோது இருந்த நிலைமை அதுதான். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிஷம். கீர்த்தனை சுருங்கி உள்ளே போனது, நாடகப் பாட்டும் போனது. முழு ராத்திரி வில்லு எப்படிப் போகும்? பிறகு கேசட் வந்தது. சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி, சி-90 என்றால் முக்கால் மணி. சுடலைமாடன் கதை பாகம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாக விற்பனைக்கு வந்தது. மந்திரவாதியிடம் சுடலை மோதப்போகும் சரியான இடத்தில் டேப் தீர்ந்து டக் என்று பட்டன் எகிறும். திருப்பிப் போட ஓட வேண்டும்! அதன் பிறகு எம்பி3 சிடி. 700 எம்பி தட்டில், சாதாரணத் தரத்தில் பன்னிரண்டு மணி நேரம் அடங்கும். யோசித்துப் பாருங்கள். இசைத்தட்டு பிறந்து நூறு வருஷம் கழித்து, ஒரு கொடையின் முழு இரவும் ஒரே தட்டில் வெட்டில்லாமல் உட்கார்ந்தது. உலக இசை வரலாற்றில் சிடிக்கு என்ன மதிப்போ எனக்குத் தெரியாது. வில்லுக்கு அது பெரிய நாள்.

இந்தக் கேசட்டுகளையும் சிடிக்களையும் போட்டவர்கள் சின்னச் சின்ன வியாபாரிகள். கோயில் வாசலில் சாமி படத்துக்கும் வளையலுக்கும் பக்கத்தில் வைத்து விற்றார்கள். அந்த விற்பனைச் சரக்குதான் இன்று நம்மிடம் இருக்கும் பெரிய ஆவணம் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். இதை நம்பாதவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து சாட்சி கொண்டுவருகிறேன்.

1952-இல் நியூயார்க்கின் போக்வேஸ் என்னும் சிறு கம்பெனி ஆறு எல்பி தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. தொகுத்தவர் ஹாரி ஸ்மித் என்கிற விசித்திர மனிதர். 84 பாட்டுகள். மலைநாட்டுக் கதைப்பாடல், கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டு, லூசியானாவின் பிரெஞ்சுப் பாட்டு எல்லாம் கலந்து கிடந்தன. அமெரிக்க நாட்டுப்புற இசையின் மறுமலர்ச்சியே அதிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். ஸ்மித் ஒரு பாட்டைக்கூடக் களத்துக்குப் போய்ப் பதிவு செய்யவில்லை! எல்லாம் 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் கடைகளில் விற்ற மலிவுத் தட்டுகள். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர் அவர். இன்னொன்று சொல்கிறேன், சந்தோஷத்தில் குதிப்பீர்கள். அந்தக் கால 78 தட்டுகளை வார்க்க அரக்கு வேண்டும். உலகத்து அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. மிசிசிப்பிக் கரையின் புளூஸ் பாட்டு, நம் நாட்டுக் காட்டு மரத்தில் அரக்குப்பூச்சி சுரந்த பிசினில் பதிந்துதான் உயிரோடு மிஞ்சியது!

போக்வேஸை 1948-இல் தொடங்கிய மோசஸ் ஆஷ் எனக்கு மிகப் பிடித்தவர். 1986-இல் சாகும்வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் போட்டார். அவர் ஒரு விரதம் வைத்திருந்தார். ஒருமுறை பட்டியலில் ஏறிய ஆல்பத்தை, வருஷத்துக்கு நாலே பேர் வாங்கினாலும், பட்டியலிலிருந்து எடுக்கமாட்டார். அவர் காலத்துக்குப் பின் 1987-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் போக்வேஸை வாங்கியபோதும் அதே நிபந்தனையோடுதான் வாங்கியது. இன்றுவரை எல்லா ஆல்பமும் கிடைக்கிறது. 1958-இல் வந்த வட அமெரிக்கத் தவளைகளின் சத்தம்கூடக் கிடைக்கிறது! ஆமாம், தவளைச் சத்தம் ஒரு முழு எல்பி. ஐப்பசி அடைமழையில் அம்பாசமுத்திரம் வயல்களில் தவளை கத்துவதைக் கேட்டிருப்பவர்கள், அதற்கும் ஒரு தட்டு வேண்டும் என்பதில் என்னோடு சேர்ந்துகொள்வார்கள்.

தட்டோடு ஒரு கையேடும் வைப்பார் ஆஷ். பாடியவர் யார், எந்த ஊர், எப்போது பதிந்தது, பாட்டின் வரிகள் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். நம் வில்லுப்பாட்டுக் கேசட்டின் அட்டையைப் பாருங்கள். சாமி படம் பளபளவென்று இருக்கும். கதையின் பெயரும் 'குழுவினர்' என்ற சொல்லும் இருக்கும். வலத்தே யார், இடத்தே யார், குடம் அடித்தது யார், எந்த ஊர்க் கொடை, எந்த வருஷம்? ஒன்றும் இருக்காது. குடம் அடித்த அந்தக் கையை இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் கேசட்டே துப்புக் கொடுப்பதும் உண்டு! கொடையில் பாடும்போது யாராவது அன்பளிப்புக் கொடுத்தால் புலவர் கதையை நிறுத்தி, கொடுத்தவர் பெயர், ஊர், தெரு, தொகை எல்லாவற்றையும் மெட்டோடு சொல்வார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். பம்பாயில் வேலை பார்க்கும் பிள்ளை, சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, இன்னார் மகன் இன்னார். பதிவை 'சுத்தம்' செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அந்த ஊரே இருக்கிறது. யார் பிழைக்க எங்கே போனார்கள், அந்த வருஷம் பத்து ரூபாய்க்கு என்ன மரியாதை, எந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். குலவைச் சத்தத்தையும் வெட்டக்கூடாது. ஒலிபெருக்கியில் வரும் எதிரொலியைக் குறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பால் கிரீன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், தமிழ்க் கிராமத்தில் கேசட் போடுவதே ஒரு வழிபாட்டுக் கலை என்று 1999-இல் ஆய்வுக்கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இனி கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். ஜெர்மனியில் பிறந்து, போர் முடிந்த பிறகு 1947-இல் பையனாக அமெரிக்கா வந்தவர். பள்ளி வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே 1960-இல் டெக்சஸுக்குப் போய், மான்ஸ் லிப்ஸ்கோம் என்ற கறுப்பினக் குடியானவரின் பாட்டைப் பதிவு செய்தார். அதுதான் ஆர்ஹூலி ரெக்கார்ட்ஸின் முதல் தட்டு. 250 பிரதிகள். உறைகளை நண்பர்களோடு உட்கார்ந்து கையால் ஒட்டினார். அங்கிருந்து புளூஸ், லூசியானாவின் கேஜன், ஸைடிகோ, மெக்சிகோ எல்லைப் பாட்டு என்று கேட்டதையெல்லாம் காதலித்தார். 1965-இல் அவர் வீட்டில் ஒரு சின்னக் குழு போர் எதிர்ப்புப் பாட்டு ஒன்றைப் பாடிப் பதிவு செய்தது. கூரை விளக்கிலிருந்து ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். அந்தப் பாட்டு பிறகு உட்ஸ்டாக் விழாவில் முழங்கியது. பாட்டின் பதிப்புரிமையில் அவருக்குப் பங்கு இருந்ததால் வந்த பணம், கலிபோர்னியாவின் எல் செரிட்டோவில் கட்டடம் வாங்க உதவியது. கூரை விளக்கில் தொங்கிய மைக் ஒரு கம்பெனிக்குக் கூரை போட்டது!

அவர் சேர்த்த எல்லைப் பாட்டுகளில் 'கொரிடோ' என்று ஒரு வகை உண்டு. கிரெகோரியோ கோர்ட்டெஸ் என்ற மெக்சிகோக்காரர் 1901-இல் டெக்சஸில் ஷெரீப்பைச் சுட்டுவிட்டு ஓடிய கதை அதில் புகழ்பெற்றது. அதை 1929-இல் பதிவு செய்தபோது கதை நீளம், தட்டு சின்னது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாகம் ஒன்று ஒரு பக்கம், பாகம் இரண்டு மறுபக்கம்! அநியாயத்தை எதிர்த்து நின்றவனை எளிய மக்கள் ராத்திரி முழுக்கப் பாடுவதும், அதைப் பக்கம் பக்கமாக உடைத்து விற்பதும் நமக்குப் புதிதா? பொதிகை அடிவாரத்தில் ஆநிரை காத்து மடிந்த முத்துப்பட்டன் கதையை நாம் இப்படித்தானே கேட்டோம்? பிராமணக் குலத்தில் பிறந்து, வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைக்க உட்கார்ந்தவன் முத்துப்பட்டன். சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குச் செருப்பைத்தான் காணிக்கை வைக்கிறார்கள்.

ஸ்ட்ராக்விட்ஸ் சேர்த்த மெக்சிகோப் பாட்டுத் தட்டுகளை டிஜிட்டல் ஆக்க, புலம்பெயர்ந்தவர்களின் நாயகர்களான லாஸ் டிக்ரெஸ் டெல் நோர்த்தே இசைக்குழுவின் அறக்கட்டளை 2000-இல் ஐந்து லட்சம் டாலர் கொடுத்தது. லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வழியே இணையத்தில் இருக்கின்றன. 2016-இல் ஆர்ஹூலியும் ஸ்மித்சோனியன் போக்வேஸோடு சேர்ந்தது. 2023-இல், 91 வயதில் அவர் மறைந்தார். நான் அவரை நினைப்பது இன்னொரு காரணத்துக்காக. பிரெட் மெக்டோவல் என்ற ஏழை புளூஸ் பாடகரின் பாட்டு ஒன்றை 1971-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். ஸ்ட்ராக்விட்ஸ் வக்கீல் வைத்துப் போராடி உரிமைத் தொகையை வாங்கி, பாடகர் உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்தார். வில்லுப்பாட்டுக் குழுவுக்குப் பதிவன்று கொடுத்த பணத்தோடு கணக்கு முடிந்தது. பிறகு எத்தனை ஆயிரம் பிரதி போனாலும், இன்று யூடியூபில் எத்தனை பேர் பார்த்தாலும், அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் வருவதில்லை. இனி யார் லேபிள் தொடங்கினாலும் முதலில் இந்தக் கணக்கைத் திறக்க வேண்டும்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை கதைப்பாடல்களை ஏட்டிலிருந்தும் வாயிலிருந்தும் எடுத்து அச்சேற்றினார். முத்துப்பட்டன் கதையும் அவற்றில் ஒன்று. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து போன்றவர்கள் நாட்டார் வழக்காற்றியலைத் தனிப் பாடமாகவே வளர்த்தார்கள். அங்குள்ள ஆய்வு மையம் ஒலியையும் ஒளியையும் களத்துக்குப் போய்ச் சேகரித்தது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோய், 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, மறு வருஷம் மறைந்தார். சென்னையில் எர்த்சிங்க் என்ற சுதந்திர லேபிள், நாகூர் தர்கா பாடகர்கள் மூவரின் குரலை 'நாகூர் செஷன்ஸ்' என்று உலகத்துக்குக் கேட்க வைத்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிந்து எடுத்துப்போன இந்திய இசையின் பிரதியை இங்கேயே வைப்பதற்காக 1982-இல் தொடங்கிய காப்பகம், இன்று டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் இயங்குகிறது. புத்தகம் உண்டு, கல்லூரி உண்டு, காப்பகம் உண்டு. கோயில் வாசல் கேசட்டை மதித்து, கையேடு எழுதி, குடம் அடித்தவர் பெயரைப் போட்டு, காசும் கொடுத்து, என்றைக்கும் விற்பனையில் வைத்திருக்கும் ஒரு கடைதான் தாமிரபரணிக் கரைக்கு வேண்டும். ஆஷும் ஸ்ட்ராக்விட்ஸும் தொடங்கும்போது அவர்கள் வைத்திருந்ததும் ஏறக்குறைய ஒரு கடைதான்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்ன? உங்கள் வீட்டுப் பரணில் வில்லுக் கேசட் இருந்தால் அதை இப்போது ஓட்டிப் பார்க்க வேண்டாம். பூஞ்சை பிடித்த டேப் ஓட்டும்போது அறுந்துவிடும். வெயிலிலும் ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். வீட்டில் வயதானவர் யாரையாவது கேட்டு, எந்த ஊர்க் கொடை, யார் பாடியது, ஏறத்தாழ எந்த வருஷம் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பேப்பர் கிளிப் வேண்டாம், துருப்பிடிக்கும். ரிக்கார்டு பட்டனை யாரும் தெரியாமல் அழுத்தினாலும் அழியாதபடி, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள்.

வருகிற கொடைக்கு ஊருக்குப் போகிறீர்களா? போனில் தூரத்திலிருந்து பதிவு செய்யாதீர்கள், கிடைப்பது ஜெனரேட்டர் சத்தம்தான். கையடக்க ரிக்கார்டர் ஒன்று கொண்டுபோங்கள். முதலில் வில்லுக் குழுவிடம் அனுமதி கேட்டுப் பேர் எழுதிக்கொள்ளுங்கள், குடத்துக்காரர் பேர் முதலில். பிறகு மைக் செட் அண்ணாச்சியிடம் போய், மிக்சரின் பின்பக்கம் சும்மா கிடக்கும் இரண்டு அவுட்புட் ஓட்டைகளில் ஒன்றைக் கேளுங்கள். ஒயர் அவரிடமே இருக்கும். ஒரு மைக்கைக் குலவை போடும் பெண்கள் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.